‘முடியாது’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

(வேலைக்குப் போகும் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ‘வேலையிடமும் மன அழுத்தமும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மன அழுத்தம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் மருத்துவன் இல்லை. மூச்சுப் பயிற்சியோ, நேர மேலாண்மையோ சொல்லித் தரப் போவதும் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன் என்பது மட்டும்தான் என் தகுதி. அதனால் என் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது பெருமைப்படக் கூடிய கதை இல்லை.

என் முதல் வேலை. ஒரு திங்கட்கிழமை கூட்டத்தில், பன்னிரண்டு பேர் முன்னால், என் மேலாளர் என் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, “நீயெல்லாம் படிச்சுத்தான் பாஸ் பண்ணியா?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். வெளியே வந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே ஓர் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் கால் வழுக்கியது. “கண்ணு தெரியல? ஆள் வர்றது தெரியாம என்ன துடைக்கிற?” என்று கத்திவிட்டேன். அவருக்கு என் அம்மா வயது இருக்கும். ஒருமையில் பேசினேன்.

அவர் கோபப்படவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “மேல யாராச்சும் திட்டிட்டாங்களா தம்பி?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. “எனக்கும் காலையில சூப்பர்வைசர்கிட்ட விழுந்துச்சு. நான் போய் யாரத் திட்டுறது?” என்றார்.

நான் இன்று பேசப்போவது முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். வேலையிடத்து அழுத்தத்துக்கு ஒரு திசை இருக்கிறது. அது மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரிடம் அதை இறக்கி வைக்கிறார்கள். கடைசிப் படியில் நிற்பவருக்கு மட்டும் இறக்கி வைக்க ஆள் இல்லை. இந்தப் படிக்கட்டு நமக்குப் புதியதா? மேலே போகப் போக மரியாதை, கீழே வர வர இழிவு என்று அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கிய அதே படிக்கட்டுதான். அலுவலகத்தில் அதற்கு மின்தூக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

சரி, நாடே பார்த்த ஒரு காட்சிக்கு வருவோம். 2024 மே 8, ஐதராபாத். ஐபிஎல் போட்டி. லக்னோ அணி எடுத்த 165 ரன்னை ஐதராபாத் அணி ஒரு விக்கெட்கூட இழக்காமல் 9.4 ஓவரில் தாண்டிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் லக்னோ அணியின் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா மைதானத்தின் ஓரத்திலேயே கேப்டன் கே.எல்.ராகுலைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார் என்பது நமக்குக் கேட்கவில்லை. கை அசைந்த விதமும், ராகுல் நின்ற விதமும் மட்டும் தெரிந்தது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அணியில் ராகுலின் சம்பளம் 17 கோடி ரூபாய். 17 கோடி வாங்குகிறவருக்கே எல்லோரும் பார்க்க அந்த நிலைமை.

அந்தக் காணொளி பரவியபோது நாம் எல்லோரும் ஏன் அவ்வளவு கொதித்தோம்? ராகுல் மீது இருந்த அன்பினால் மட்டுமா? இல்லை. நம்மில் பாதிப்பேர் அந்த இடத்தில் நின்றிருக்கிறோம். தப்பைச் சுட்டிக்காட்டுவது வேறு, நாலு பேர் முன்னால் ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்துவது வேறு. முன்னது வேலை தொடர்பானது. பின்னது ‘நான் யார், நீ யார்’ என்று காட்டுவதற்கானது. தப்பைத் திருத்த நாலு சுவருக்குள் பத்து நிமிடம் போதும். கூட்டம் எதற்குத் தேவைப்படுகிறது? ஊர் நடுவில் நிற்க வைத்து அபராதம் போட்டவர்களுக்கு எதற்குத் தேவைப்பட்டதோ, அதற்கேதான்.

ஆனால் ராகுலுக்கு ஒரு வசதி இருந்தது. அடுத்த பருவத்தில் அவர் டெல்லி அணிக்குப் போய்விட்டார். ஊரில் கடன், தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம், மாதம் பிறந்தால் வீட்டு வாடகை என்று இருக்கிறவர் அடுத்த அணிக்கு எப்படிப் போவார்?

அடுத்து நேரம். 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய காணொளி வந்தது. அவர் 90 மணி நேரத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 மணி நேரம் என்றால் வாரத்தில் ஆறு நாளும் 15 மணி நேரம். போக வர இரண்டு மணி நேரம். மிச்சம் ஏழு மணி நேரம். அதற்குள் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும். சோறு? அதை யாரோ ஆக்கி வைத்திருப்பார். துணியை யாரோ துவைத்திருப்பார். அந்த ‘யாரோ’தான் அவர் கேலியாகச் சொன்ன ‘மனைவி’. வீட்டில் கூலியில்லாமல் ஒருத்தி உழைப்பாள் என்ற நம்பிக்கையில்தான் இந்த 90 மணி நேரக் கணக்கே நிற்கிறது. வேலைக்கும் போய்விட்டு வீட்டிலும் உழைக்கும் பெண் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வாரம் ஏற்கெனவே 90 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். அதை எந்த முதலாளியும் எண்ணியதில்லை. பல வீடுகளில் நாமும் எண்ணியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2023-24 நிதியாண்டில் அந்தத் தலைவரின் ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். அவருடைய நிறுவன ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப்போல் 500 மடங்குக்கும் மேல். 500 மடங்கு வாங்குகிறவர், ஒரு மடங்கு வாங்குகிறவரின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறார்.

48 மணி நேரம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? சென்னையில் 1923இல் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றியபோது எட்டு மணி நேர வேலை என்பது கோரிக்கை மட்டும்தான். 1946இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி வாரம் 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆகக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர், அன்று வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். நம் மாலை நேரத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அவரை இடஒதுக்கீட்டோடு மட்டும் சுருக்கிப் பேசும் உங்கள் அலுவலக நண்பரிடம், அவர் ஆறு மணிக்குக் கணினியை அணைக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

இனி வருத்தமான ஒரு செய்தி. 2024 ஜூலையில் புனேயில் 26 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். பட்டயக் கணக்காளர். உலகின் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதங்கள். ஓய்வில்லாத வேலைச் சுமைதான் மகளைக் கொண்டுபோனது என்று அவருடைய தாய் அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்றும் எழுதினார். பிறகு மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை ஆய்வுக்குப் போனது. வேலை நேரத்தை வரையறுக்கும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அந்த அலுவலகம் பதிவே செய்யாமல் பல ஆண்டுகள் நடந்துவந்தது தெரிந்தது.

அந்த நேரத்தில் சென்னையில் ஒரு கல்வி நிறுவன விழாவில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் சொல்லித் தர வேண்டும், அது இறைவழியில் வரும் என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு வந்ததும், பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லவில்லை என்று விளக்கம் தந்தார். விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால் அந்தச் சிந்தனையைக் கவனியுங்கள். அலுவலகம் பதிவு செய்யவில்லை, நேரத்துக்கு எல்லை இல்லை, கேட்க ஆள் இல்லை. இத்தனைக்கும் தீர்வு அந்தப் பெண்ணின் மனதுக்குள் இருக்க வேண்டுமாம். தாங்கிக்கொள், உள்ளே தேடு, விதியென்று இரு என்று நம் தாத்தா பாட்டிகளுக்குச் சொன்ன பழைய பாடம் இது. தியானம் செய்கிறவர்கள் செய்யுங்கள், எனக்கு மறுப்பில்லை. மூச்சை இழுத்து விட்டால் மூச்சுதான் சீராகும். வேலை நேரம் சீராகாது.

இதைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1917இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அலுவலகக் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் தராமல் தூரத்திலிருந்து மேசைமேல் எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்கள் துரத்தினார்கள். பொதுப் பூங்காவில் போய் அமர்ந்து அழுதார். வேலையை விட்டார். அவர்தான் அம்பேத்கர். அவரிடம் போய், ‘உங்களுக்கு அழுத்தத்தைக் கையாளத் தெரியவில்லை’ என்று சொல்வோமா? அவர் வலிமை குறைந்தவரா? எறியப்பட்ட கோப்புதான் பிரச்சினை. எறிந்த கையும், அந்தக் கையை எறியச் சொன்ன சாதியும்தான் பிரச்சினை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எறிந்தவர் பதவியில் கீழே இருந்தவர். அதாவது நம் நாட்டு அலுவலகத்தில் இரண்டு படிக்கட்டுகள் இருக்கின்றன. ஒன்று பதவி, இன்னொன்று சாதி. முதல் படிக்கட்டில் நீங்கள் ஏறினாலும், இரண்டாவதிலிருந்து உங்களை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் அமர வைக்கப்பட்டிருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில். அந்த அலுவலகத்துக்கே அவர்தான் தலைவர்!

கடல் தாண்டினால் போய்விடுமா? அதே 2020இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தது. ஐஐடியில் இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று ஒரு பொறியாளரின் சாதியை உடன் வேலை பார்ப்பவர்களிடம் வெளிப்படுத்தினார்கள், புகார் சொன்னபின் ஒதுக்கினார்கள் என்பது மனுவின் குற்றச்சாட்டு. 2023இல் அந்த இரண்டு மேலாளர்கள்மீதான வழக்கை மாநில அரசே திரும்பப் பெற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வழக்குத் தொடங்கியபின் அமெரிக்காவில் சாதி பற்றிய பேச்சு நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படித் தடை செய்தது.

‘எந்த ஊரு?’, ‘அப்பா என்ன பண்றாரு?’, ‘நீங்க அசைவமா?’ இவை சிலருக்குச் சாதாரணக் கேள்விகள். சிலருக்கோ அடுத்த கேள்வி என்ன வருமோ என்று வயிறு கலங்கும் கேள்விகள். சாப்பாட்டு மேசையில் தினமும் ஒளித்துப் பேச வேண்டியிருப்பதும் ஒரு வேலைதான். அதற்குக் கூடுதல் நேர ஊதியம் கிடையாது. மனித வளத் துறையின் மன அழுத்தக் கேள்வித்தாளில் அதற்குக் கட்டமும் கிடையாது.

இப்போது புகழ்பெற்ற மூவரைப் பற்றிச் சொல்கிறேன். ‘முடியாது’ என்று சொன்னவர்கள்.

சிமோன் பைல்ஸ், அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, கறுப்பினப் பெண். 2021 டோக்கியோ ஒலிம்பிக் குழு இறுதிப் போட்டியில் ஒரே ஒரு தாண்டல் முடிந்ததும் விலகிக்கொண்டார். காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்குத் தப்பிப்போயிருந்தது. அந்த நிலையில் இறங்கினால் கழுத்து முறியலாம். ‘பாதியில் ஓடியவர்’ என்று ஏசினார்கள். 2024இல் பாரிசில் மூன்று தங்கம், ஒரு வெள்ளியோடு திரும்பினார். நவோமி ஒசாகா, டென்னிஸ் வீராங்கனை. 2021 பிரெஞ்சு ஓபனில் தன் மனநலத்துக்காகச் செய்தியாளர் சந்திப்புக்கு வரமாட்டேன் என்றார். 15,000 டாலர் அபராதம் போட்டார்கள். அவர் போட்டியிலிருந்தே விலகினார். நம் நாட்டில் தீபிகா படுகோனே. குழந்தை பிறந்தபின் எட்டு மணி நேர வேலை கேட்டார் என்று 2025இல் செய்திகள் வந்தபோது, ஏதோ கொலைக் குற்றம்போல விவாதித்தார்கள். ஆண் நட்சத்திரங்கள் பலர் ஆண்டுக்கணக்காக எட்டு மணி நேரம்தான் வேலை செய்கிறார்கள், அது ஒருபோதும் செய்தியானதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

மூவரும் பெண்கள் என்பது தற்செயல் இல்லை. ஆனால் இந்தக் கதைகளை நாம் ஊக்கப் பேச்சாக மாற்றிவிடக் கூடாது. ‘பைல்ஸைப் போல நீயும் உன் எல்லையைச் சொல்’ என்று சொல்வது எளிது. பைல்ஸ் சொன்னால் உலகம் கேட்கும். அவருக்கு வீட்டில் தங்கப் பதக்கங்கள் இருக்கின்றன. தீபிகா எட்டு மணி நேரம் கேட்கலாம். அதே படப்பிடிப்பில் அவருக்கு முன்னால் வந்து விளக்கைத் தூக்கி நிறுத்தி, அவர் போனபின் கழற்றி வண்டியில் ஏற்றுகிற தொழிலாளி எட்டு மணி நேரம் கேட்டால்? நட்சத்திரத்துக்குச் சலுகையாகக் கிடைப்பது அந்தத் தொழிலாளிக்கு உரிமையாகக் கிடைக்கும்வரை வேலை முடியவில்லை.

பெயரும் புகழும் இல்லாதவர்கள் எப்படி ‘முடியாது’ என்று சொல்வது? சொல்லியிருக்கிறார்கள், தோழர்களே. சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்ததுதான் நம் இயக்க வரலாறு. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அம்மக்கள் மாட்டுச் சடலங்களைச் சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். இனி நீங்களே அள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். இந்தியாவின் மிகப் பழைய வேலையிடக் கொடுமைக்குக் கிடைத்த பதில் அது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வேண்டுமென்று 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. எல்லாமே வெற்றியில் முடிவதில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தனியார்மயத்தை எதிர்த்து இரவு பகலாக உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. ஆனால் அந்தப் பெண்கள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர்கள் பழைய படியில் இல்லை.

சிறியதாகத் தெரியும் இன்னொரு வெற்றி. துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. கேரளம் அதற்கு முன்பே செய்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், இந்த நாட்டில் யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது எவ்வளவு பெரிய அரசியல்!

கடைசியாக, நாளையே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

வாய்மொழியாக வரும் அநியாயத்தை எழுத்தாக்குங்கள். ‘நீங்கள் இன்று சொன்னபடி ஞாயிறு வேலை செய்கிறேன்’ என்று மின்னஞ்சல் போடுங்கள். தேதி, நேரம், உடனிருந்தவர் பெயர் குறித்து வையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013 சட்டம். உங்கள் அலுவலகத்தில் அது யார் யார் என்று கேளுங்கள். சங்கம் வையுங்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்திவிட்டது.

தூக்கம் போய், சோறு இறங்காமல், எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் வந்தால், அரசியல் பேசி அதைத் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது எப்படிக் கோழைத்தனம் இல்லையோ, அப்படித்தான் இதுவும். அமைப்பு மாறும்வரை நாம் உயிரோடும் நலத்தோடும் இருக்க வேண்டும், தோழர்களே.

கூட்டத்தில் ஒருவரைச் சிறுமைப்படுத்தும்போது அமைதியாக இருக்காதீர்கள். பெரிய வீரம் எதுவும் வேண்டாம். “இதைத் தனியாகப் பேசலாமே சார்” என்ற ஒரு வரி போதும். அன்று அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அதைச் சொல்லியிருந்தால், நான் அந்த அக்காவிடம் கத்தியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அந்தத் தப்பு மேலாளருடையது அல்ல, என்னுடையது. மேலே இருந்து வந்ததை நான் கீழே அனுப்பினேன். என் கையில் நிறுத்தியிருக்க முடியும்.

மூன்று நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரை ஒப்பந்தக்காரர் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கட்டடம் என்று விசாரிக்க நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஓராண்டு அவர் துடைத்த தரையில் நடந்திருக்கிறேன். சாதி ஒழிப்புக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான்.

நாளைக் காலை உங்கள் அலுவலகத்தில் தரை துடைப்பவரிடம், வாசலில் நிற்கும் காவலாளியிடம் பெயரைக் கேளுங்கள். பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணி நேரம் வேலை, வார விடுமுறை உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, உட்கார நாற்காலி தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்கள் சங்கம் வைக்கும்போது அவர்களுக்கும் அதில் இடம் இருக்கட்டும். “நான் போய் யாரத் திட்டுறது?” என்று அந்த அக்கா கேட்டார். திட்டுவதற்கு ஆள் தேட வேண்டாம் அக்கா, நாம் சேர்ந்து கேட்போம் என்று சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.